இட்சுமி போகவில்லை

தாம்பரத்தில் சனிக்கிழமை சாயங்காலம் நாலு பேர் சேர்ந்து உட்கார இடம் கிடைக்காது. மார்க்கெட் பக்கம் நிற்கவே முடியாது. ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தால் டிக்கெட் கேட்பார்கள். இந்த பேக்கரியிலும் ஒரு டீக்கு மேல் தாமதித்தால் வந்து மேசையைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்கள். உங்கள் கடை மாடி இல்லாவிட்டால் நாம் நண்பர்களாகவே இருந்திருக்க மாட்டோம் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

பப்ஸைச் சாப்பிடு, மெஹ்ரீன். ஆறினால் ருசிக்காது. என்மேல் இருக்கும் கோபத்தை அதன்மேல் காட்டாதே.

நீ சொன்னது புரிந்தது. இன்று சாயங்காலம் சாஹிலுக்கு ஒசாகாவிலிருந்து ஃபோன் வருகிறது. அதற்கு முன்னால் நான் செய்ததை நானே அவனிடம் சொல்லிவிட வேண்டும். நியாயம்தான். முதலில் உன்னிடம் சொல்லிப் பார்க்கிறேன். உனக்குத் தெரிந்ததும் இடையில் வரும். வரிசையாகச் சொன்னால்தான் நான் எதை எதற்காகச் செய்தேன் என்பது விளங்கும்.

சிறுசேரியில் நான் சேர்ந்த கம்பெனிக்கு ஜப்பான்காரர்கள் வேலை கொடுத்தார்கள். அவர்களோடு பேச ஆள் வேண்டும் என்று எங்களில் சிலரை ஜப்பானிய வகுப்பில் உட்கார வைத்தார்கள். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். எனக்குப் பிடித்துப்போயிற்று. பிறகு ஜப்பானுக்கே, நாகோயாவுக்கு அனுப்பினார்கள். அங்கே ரயிலில் போகிறவர்கள் பலர் கையில் சின்னதாக ஒரு புத்தகம் இருக்கும். சட்டைப் பையில் அடங்கும். முன்னால் வழவழப்பான தாளில் வண்ணப் படங்கள், உள்ளே ஆங்காங்கே கறுப்பு வெள்ளைப் படங்கள், கடினமான எழுத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் உச்சரிப்பு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் படிக்கும் நாவல்கள். பெரியவர்களும் ஒளிக்காமல் படிப்பார்கள். ‘மேகமில்லாத துறைமுகம்’ அப்படித்தான் என் கைக்கு வந்தது.

கதை உனக்குத் தெரியும். சூரியனிலிருந்து மிகத் தள்ளி, விண்கலங்கள் வழி தவறாமலிருக்க ஒரு விளக்கு நிலையம். அதைப் பார்த்துக்கொள்ள இட்சுமி என்று ஒரு பெண். துணைக்கு ஒரு பழைய கணினி. அதற்குப் பெயர்கூட இல்லை. ரயில் நிலைய அறிவிப்பு மாதிரியே பேசும். அவள் அழுதால்கூட ‘பயணிகள் கவனத்திற்கு’ என்றுதான் ஆறுதல் சொல்ல ஆரம்பிக்கும். ஒவ்வொரு பாகத்திலும் ஒரு கலம் வரும். அதிலிருந்து யாராவது இறங்கி அவளைக் கூட வரச் சொல்வார்கள். அவள் நாளைக்குச் சொல்கிறேன் என்பாள். நாளைக்குக் கலம் போய்விட்டிருக்கும்.

திரும்பி வந்ததும் முதல் பாகத்தை உன் அண்ணன் சாஹிலிடம் காட்டினேன். எழுத்து புரியாமல் படங்களை மட்டும் வெகுநேரம் பார்த்தான். கடை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். பிறகு, “இந்தப் பொண்ணு எதுக்குடா சிரிக்கிறா?” என்றான். படித்துச் சொன்னேன். அன்று தொடங்கியது.

அடுத்த சனிக்கிழமை ரயில்வே பணிமனையிலிருந்து லாசரஸ் வந்தான். நீயும் பாடப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் வந்து உட்கார்ந்தாய். உங்கள் அத்தா விற்பது பையும் பெட்டியும். நாற்காலி கிடையாது. ஆளுக்கொரு சூட்கேஸ் மேல் உட்கார்ந்தோம். லாசரஸ் மட்டும் வேண்டுமென்றே சக்கரம் வைத்த பெட்டியைத் தேர்ந்தெடுப்பான். கதை சூடுபிடிக்கும்போது தானாக நகர்ந்து சுவரோரம் போய்விடுவான். நான் ஜப்பானியத்தில் ஒரு பத்தி மனசுக்குள் படிப்பேன். பிறகு தமிழில் சொல்வேன். அந்த இடைவெளியில் மூன்று பேரும் என் வாயைப் பார்ப்பீர்கள். வாழ்க்கையில் வேறு எதற்காகவும் யாரும் என் வாயைப் பார்த்ததில்லை.

முதல் தவறு இரண்டாம் பாகத்தில் நடந்தது. எஞ்சின் பற்றி இரண்டு பக்கம் வந்தது. ஒன்றும் விளங்கவில்லை. நீங்கள் காத்திருந்தீர்கள். அதனால், எஞ்சினைத் திறந்து பார்த்த மெக்கானிக், ‘ஸ்பேர் பார்ட் வர நாற்பது வருஷம் ஆகும், அதுவரைக்கும் ஒரு டீ சொல்லு’ என்றதாகச் சொல்லிவைத்தேன். லாசரஸ் பெட்டியோடு சுவரில் போய் இடித்துக்கொண்டு சிரித்தான்.

“அந்த ஆளு எங்க ஒர்க்ஷாப்புக்கு வந்துட்டுப் போய்தான் எழுதிகிறாம்பா. அப்டியே கீது.”

இன்றும் அந்த வரியைச் சொல்வான். மூலத்தில் மெக்கானிக்கே கிடையாது.

அதில் யாருக்கும் நஷ்டமில்லை என்பதை நீயும் ஒப்புக்கொள்வாய். பிறகு லாசரஸ் சிகரெட்டை விட்டதற்கும் நான்தான் காரணம். மூன்றாம் பாகத்து விமானி சிகரெட்டால் நுரையீரல் கெட்டு வருத்தப்படுவான் அல்லவா. மூலத்தில் அவன் சூயிங்கம் மெல்லுகிறவன். லாசரஸின் மனைவி இன்றுவரை எனக்குக் கிறிஸ்துமஸ் பலகாரம் கொடுத்தனுப்புகிறாள். ஒரு வார்த்தையை இங்கிருந்து அங்கே மாற்றிவைத்தால் ஒரு மனிதனின் நெஞ்சு சுத்தமாகிறது. இதை நான் கெட்ட காரியமாக நினைக்கவில்லை. இப்போதும் நினைக்கவில்லை.

அதற்குள் கதை தொலைக்காட்சித் தொடராக வந்தது. நாகோயா நண்பர் ஒருவர் டிவிடியில் அனுப்பினார். நானே தமிழில் எழுத்துப் போட்டேன். பேச்சு கீழே வெள்ளையில் வரும். விளக்கம் தேவைப்பட்டால் மேலே மஞ்சளில் ஒரு குறிப்பு. இப்படிப்பட்ட படங்களுக்கு எழுத்துப் போடுகிறவர்கள் உலகம் முழுக்க அப்படித்தான் செய்வார்கள்.

‘ஜப்பானியர்கள் வீட்டுக்குள் நுழையுமுன் செருப்பைக் கழற்றுவார்கள்’ என்று ஒருமுறை போட்டிருந்தேன்.

“நாம மட்டும் இன்னா, தலைல வெச்சிகினா உள்ள போறோம்? இதுக்கு ஒரு நோட்டீஸா?” என்றான் லாசரஸ்.

கிண்டல் செய்தாலும் நீங்கள் எல்லோரும் படத்தைவிட அந்த மஞ்சள் எழுத்தைத்தான் நம்பினீர்கள். கண்ணால் பார்ப்பது பாதி, தனசிங் போட்டிருப்பது மீதி. நான் அதைக் கவனித்து வைத்துக்கொண்டேன்.

தொடர் எடுத்தபோது புத்தகம் ஐந்து பாகம்தான் வந்திருந்தது. அதைத் தாண்டி ஓட அவர்களால் முடியவில்லை. அதனால் கலத்தின் படிக்கட்டு முன்னால் இட்சுமி நிற்கிறாள், காற்றில் தலைமுடி அலைகிறது, அந்த முகத்தோடு முடித்துவிட்டார்கள். ஏறினாளா இல்லையா என்று காட்டவில்லை. இரண்டு வாரம் நமக்குள் சண்டை. சரக்கு எடுக்க மாடிக்கு வந்த உங்கள் அத்தாகூடக் கேட்டார்.

“ஏம்ப்பா தனசிங், அந்த லெட்சுமிப் பொண்ணு வண்டி ஏறிச்சா, இல்லையா?”

“ஆறாம் பாகத்துலதான் தெரியும், அங்கிள்.”

“பெத்தவங்க யாரும் இல்லையா அதுக்கு? இவ்ளோ தூரத்துல தனியா விட்டா வேற என்ன செய்யும்.”

ஹிதாயத்துல்லா அங்கிளுக்கு இட்சுமி என்று வாயில் நுழையவில்லை. ஆனால் அவள் விஷயத்தில் அவருக்கு அக்கறை இருந்தது.

அந்தத் தொடரைப் பார்த்த பிறகுதான் சாஹில் முழுமூச்சாக வரைய ஆரம்பித்தான். பில் புத்தகத்தின் பின்பக்கம், அட்டைப்பெட்டி, எது கிடைத்தாலும். இரண்டாயிரத்து ஏழில் நான் மறுபடி நாகோயா போனபோது அவன் படங்களை ஒரு கோப்பில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் சொந்தச் செலவில் ஒசாகா போய் அதைக் கொடுத்துவிட்டு வந்தேன். சாஹிலிடம் சொல்லும்போது இந்த இடத்தை அழுத்திச் சொல்லுவேன். கொண்டுபோய்க் கொடுத்தது நான்.

அங்கே ஒரு மாடியில் சின்ன ஓவியக்கூடம். ஒரு அசைவுக்கும் அடுத்த அசைவுக்கும் நடுவில் வரும் படங்களை வரைகிறவர்கள். இட்சுமி தொடருக்கும் அவர்கள் வரைந்திருந்தார்கள். அதை நடத்துகிறவர் குரோடா, மரியாதையாகச் சொன்னால் குரோடா-சான். கோப்பைத் திறந்தார். மூடவில்லை. டீ ஆறிப்போனது.

“இவருக்கு யார் கைகளை வரையக் கற்றுக்கொடுத்தது?” என்று கேட்டார்.

யாரும் இல்லை என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பார்த்தார். ஒவ்வொரு வசந்த காலத்திலும் ஓரிருவரைச் சேர்த்துக்கொண்டு கற்றுக்கொடுப்பது வழக்கம் என்றார். வெளிநாட்டவர் இதுவரை யாரும் இல்லை, ஆனால் வரக்கூடாது என்றும் இல்லை. கலந்து பேசிவிட்டு ஒரு மாதத்தில் தானே ஃபோன் செய்வதாகச் சொன்னார். கடை நம்பரைக் கொடுத்தேன். உங்கள் நண்பர் கொடுத்துவைத்தவர் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஒசாகா ஸ்டேஷன் புத்தகக் கடையில் ஆறாம் பாகம் அடுக்கி வைத்திருந்தார்கள். வாங்கி ரயிலிலேயே படித்தேன்.

அவள் போய்விடுகிறாள், மெஹ்ரீன். ரொம்பச் சாதாரணமாக. ஒரு சின்னப் பை எடுத்துக்கொள்கிறாள், படியேறுகிறாள், கதவு சாத்துகிறது. அதற்குப் பிறகு ஒரு அத்தியாயம் இருக்கிறது. நிலையத்தில் அந்தக் கணினி மட்டும். கேட்க யாரும் இல்லை. அது நேரம் தவறாமல் அறிவிப்புச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. நான் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி எங்கேயோ போய் இறங்கினேன்.

எழுதியவருக்கு இட்சுமிமேல் இருந்த கவனம் அந்தக் கணினிமேல் இல்லை என்று எனக்குப் பட்டது. பெரிய எழுத்தாளர்களும் சில இடங்களில் கண்ணயர்ந்துவிடுவார்கள். அதைச் சரிசெய்தேன்.

முன்னால் இருந்த வண்ணப் படங்களில் அவள் கலத்தின் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். அவற்றையும் உள்ளே இருந்த கறுப்பு வெள்ளைப் படங்களையும் பிளேடால் எடுத்துவிட்டேன். தையல் பிரியாமல், பார்த்தால் தெரியாதபடி. இந்த முறை படமில்லாத மலிவுப் பதிப்புதான் கிடைத்தது என்று சாஹிலிடம் சொன்னேன். கதையைவிட அவனுக்கு அந்தப் படங்கள்தான் உயிர். கொஞ்சம் வாடினான். ஆனால், “பரவால்லடா, நீ சொல்லு, நான் மனசுல வரைஞ்சுக்கறேன்” என்றான். அப்படி ஒரு நண்பன் எல்லோருக்கும் வாய்க்காது.

அந்தச் சனிக்கிழமை நான் சொன்ன கதையில் அவள் படிக்கட்டில் ஒரு கால் வைக்கிறாள். திரும்பி விளக்கைப் பார்க்கிறாள். காலை எடுத்துவிடுகிறாள். கணினி, ‘பயணிகள் கவனத்திற்கு, நன்றி’ என்கிறது. நான் நன்றாகவே சொன்னேன். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டாய்.

சாஹில் மட்டும் கேட்டான்.

“போகலையா?”

“விளக்கை விட்டுட்டு எப்படிடா போவா?”

“விளக்கைப் பாத்துக்கத்தான் கம்ப்யூட்டர் இருக்குல்ல. அஞ்சு பாகமா போறேன் போறேன்னுட்டு கடைசில பயந்துட்டா.”

“பயம் இல்லடா. பாசம்.”

“போடா. என்னை மட்டும் எவனாவது கூப்பிடட்டும், அன்னிக்கே கிளம்பிருவேன். எங்க அத்தா கடையில பெட்டிக்கா பஞ்சம்?”

“எந்தப் பெட்டிய எடுத்தாலும் பில்லு போடுவாருடா உங்கப்பா,” என்றான் லாசரஸ். எல்லோரும் சிரித்தோம்.

ஒரு கதையைச் சொல்லி ஒருவனை நிறுத்திவிட முடியாது என்று அன்று தெரிந்தது. சாஹிலுக்குப் புத்தி இல்லை, இட்சுமி சொன்னபடி ஆடினான் என்று யாராவது பின்னால் பேசினால் அது பொய். அவன் ஆடவில்லை. அதனால்தான் ஃபோனில் நான் அப்படிப் பேச வேண்டியதாயிற்று.

அன்றைக்கு நீ கல்லூரியில் இருந்தாய். குரோடா-சான் சொன்ன வாரத்திலேயே கூப்பிட்டார். நான் கடையில்தான் இருந்தேன். அந்த வாரம் லீவு போட்டிருந்தேன். அங்கிள் சத்தம் கேட்கட்டும் என்று மின்விசிறியை நிறுத்தினார். ஸ்பீக்கரைப் போட்டோம். லாசரஸ் வாசலில் நின்றுகொண்டு, வந்தவர்களிடம், “உள்ள ஃபாரின் கால் போய்கினு கீது, அஞ்சு நிமிசம் கய்ச்சி வா” என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தான். சாஹில் புதுச்சட்டை போட்டிருந்தான். ஃபோனில் சட்டை தெரியாது என்று நான்தான் கிண்டல் செய்தேன்.

குரோடா-சான் நீளமாகப் பேசினார். படங்களை எல்லோரிடமும் காட்டினாராம். ஏப்ரலில் வரட்டும், தங்க இடம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், மொழி இங்கே வந்து கற்றுக்கொள்ளலாம், அந்தக் கைகளை வரைகிறவரை நான் நேரில் பார்க்க வேண்டும் என்றார். 

மூன்று பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.

“படமெல்லாம் நல்லா இருக்காம்டா,” என்றேன். “ஆனா இந்த வருஷம் ஆள் எடுக்கலையாம். வெளிநாட்டுக்காரங்கள எடுக்கற வழக்கமும் இல்லையாம்.”

சாஹில் தலையை ஆட்டினான். ரொம்ப நேரம் ஆட்டினான்.

“சரி, பரவால்லன்னு சொல்லு. பாத்ததுக்கு ரொம்ப தேங்க்ஸ்னு சொல்லு. எங்க குறை இருக்குன்னு மட்டும் கேளு, நான் சரிபண்ணிக்கறேன்.”

நான் ஜப்பானியத்தில், அவர் மிகவும் நன்றி சொல்கிறார், ஆனால் குடும்பச் சூழ்நிலையால் வர இயலாது என்கிறார் என்றேன். எங்கள் வகுப்பில் மறுப்பதற்கென்றே தனியாக ஒரு பாடம் உண்டு. மிக மரியாதையான வினைச்சொற்கள். அவற்றை நான் அன்றுவரை உபயோகித்ததில்லை. ஒரு பிழையும் இல்லாமல் வந்தன.

குரோடா-சானின் குரல் இறங்கிவிட்டது. பிறகு, நான் ஏதாவது தவறாகக் கேட்டுவிட்டேனா என்றார். இல்லை என்றேன். வருத்தமாக இருக்கிறது என்றார். 

“என்னடா சொல்றாரு?” என்றான் சாஹில். அவருடைய குரல் மாறியது அவனுக்கும் கேட்டிருக்கிறது.

“கை வரையறதுல இன்னும் பயிற்சி வேணுமாம்.”

ஏன் அதைச் சொன்னேன் என்று நீ கேட்கிறாய். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. கை என்ற வார்த்தை காதில் இருந்தது. அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அவன் கைகளை மட்டுமே வரைகிறான் என்பது எனக்கும் தெரியும். பெட்டி தூக்கும் கை, பூட்டுத் திறக்கும் கை, உன் கை, என் கை. இரண்டு வருஷமாக முகமே வரைவதில்லை. போன வாரம்கூட என் கையைப் பிடித்து வைத்துக்கொண்டு, “அசையாதடா, கட்டை விரல்தான் எனக்கு வர மாட்டேங்குது” என்றான். நான் அசையாமல் காட்டினேன். வேண்டுமென்றே யாரையும் புண்படுத்துகிறவன் இல்லை நான்.

அன்று மதியம் உங்கள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. பையன் தூரதேசம் போகவில்லை என்று உன் அம்மாவுக்கு மூச்சு வந்தது. அங்கிள் என் தட்டில் கறியை அள்ளி வைத்து, “எவ்ளோ பொறுமையா பேசுச்சு இந்தப் புள்ள” என்றார். ஒரு குடும்பமே நிம்மதியாகச் சாப்பிட்டது. நானும் நன்றாகச் சாப்பிட்டேன்.

காரணம் கேட்டாய். அவனுக்குக் குளிர் ஆகாது. பச்சை மீன் அவனுக்குப் பிடிக்காது. கறி எதைச் சாப்பிடலாம், எதைக் கூடாது என்று ஒவ்வொரு கடையிலும் விசாரிக்க வேண்டும். தொழுகைக்கு எங்கே போவான். அந்த ஊரில் தனியாக இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். நாகோயாவில் எல்லோரும் ஜப்பானியம் பேசினார்கள். எதையும் படித்துச் சொல்லும்படி யாரும் என்னைக் கேட்கவில்லை.

மற்றதெல்லாம் வேலைப்பளு. அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. இட்சுமி போகவில்லை என்று சொல்லிவிட்டேன். ஜப்பானில் வந்த ஏழாம் பாகத்தில் அவள் வேறெங்கோ சுற்றிக்கொண்டிருக்கிறாள். எனக்கு அது உதவாது. ஏழு, எட்டு, ஒன்பது மூன்றையும் நானே உண்டாக்கினேன். சிறுசேரி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் யோசிப்பேன். சனிக்கிழமை படங்களை நீக்கிய ஜப்பானியப் புத்தகத்தை விரித்துவைத்து, பக்கத்தைத் திருப்பிக்கொண்டே, என் கதையைச் சொல்வேன். ஒரு அத்தியாயம் எத்தனை பக்கம் என்று பார்த்துத் திருப்ப வேண்டும். லேசான காரியமில்லை. லாசரஸ் ஒருநாள் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடினான். ஆங்கிலத்தில் இந்தக் கதையைப் பற்றி ஒரே ஒரு பக்கம்தான் இருந்தது. அதுவும் ஐந்தாம் பாகத்தோடு நின்றிருந்தது. யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய பக்கம் அது, ஆறாம் பாகத்தைப் பற்றி இருந்த ஒரு வரியை நான்தான் எடுத்திருந்தேன்.

எட்டாம் பாகம் உனக்கு எவ்வளவு பிடித்தது என்று ஞாபகம் இருக்கிறதா. கணினிக்கு இட்சுமி பெயர் வைக்கும் இடம். அதை மூலத்தில் படிக்க வேண்டும் என்றுதான் நீ ஜப்பானிய வகுப்பில் சேர்ந்தாய். நீயே சொன்னாய். நான் எழுதியதைப் படிப்பதற்காக ஒருத்தி இன்னொரு மொழியே கற்றுக்கொண்டாள். இதை நினைத்து நான் பயந்திருக்க வேண்டும். சந்தோஷம்தான் வந்தது.

படம் வந்தபோதுதான் கஷ்டம். ஆறாம் பாகத்தை முழுநீளத் திரைப்படமாக எடுத்துவிட்டார்கள். நண்பர் டிவிடி அனுப்பினார். அனுப்பியதை நான் மறைத்திருக்கலாம். ஆனால் அதன் விளம்பரத்தை சாஹில் எங்கேயோ பார்த்துவிட்டான். நச்சரித்தான். புத்தகம் என்றால் சொன்னதுதான் கதை. படத்தில் அவள் கண்ணெதிரே படியேறுகிறாள். கலம் கிளம்புகிறது. நிலையம் புள்ளியாகி மறைகிறது. என்ன செய்வது.

அவள் படியில் கால் வைக்கும் இடத்தில் மேலே மஞ்சளில் ஒரு குறிப்புப் போட்டேன். ‘இனி வருவது இட்சுமி காணும் கனவு.’

நீங்கள் நம்பினீர்கள். லாசரஸ் மட்டும் நெளிந்துகொண்டே இருந்தான்.

“இன்னா மச்சான், முக்கா மணி நேரமா கனா கண்டுகினு கீது இந்தப் பொண்ணு? பேஜாரா போச்சு. எயுப்பி வுடச் சொல்லு அந்தக் கம்ப்யூட்டர.”

எழுப்ப முடியவில்லை. படம் அவள் கலத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே முடிந்துவிட்டது. கறுப்புத் திரையில் வேலை செய்தவர்களின் பெயர்கள் ஓட ஆரம்பித்தன. பின்னால் ஒரு பாட்டு. எனக்கு வேறு இடம் கிடைக்கவில்லை. அந்தப் பெயர்களுக்குக் கீழே கதையை முடித்தேன். ஒளிப்பதிவுக்காரர் பெயர் போகும்போது, ‘இட்சுமி கண் விழித்தாள்.’ சாப்பாடு கொண்டுவந்தவர்கள் பெயர் போகும்போது, ‘விளக்கு எரிந்துகொண்டிருந்தது.’ திரையில் ஓடும் ஜப்பானிய எழுத்தில் கதைதான் கடைசிக் கடிதம் மாதிரி எழுதி வருகிறது என்று நினைத்துக்கொண்டீர்கள். என்னுடைய வேலைகளிலேயே நேர்த்தியானது அது. சாஹில் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டான்.

நீ அப்போது வகுப்பில் சேர்ந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. மலை, வயல், ஆறு, நடு. வகுப்பில் முதலில் சொல்லித்தரும் எழுத்துகள் இவைதான். ஜப்பானியர் பெயர்களில் பாதி அவற்றாலேயே ஆனவை. இட்சுமி கண் விழித்த இடத்தில் உனக்கு ‘மலைவயல்’ தெரிந்திருக்கிறது. விளக்கு எரிந்த இடத்தில் ‘வயல்நடு’. அதாவது யமதா, தனகா. இவை ஆட்களின் பெயர்களாயிற்றே என்று அன்றைக்கே தோன்றியும் நீ ஒரு வருஷம் வாயைத் திறக்கவில்லை. படித்துத் தேறிக்கொண்டு, உன் டீச்சர் மூலம் ஆறாம் பாகத்தை வரவழைத்து, வண்ணப் படங்களோடு படித்துவிட்டு, அந்தப் பெயர் வரிசையில் ஒசாகா ஓவியக்கூடத்தையும் கண்டுபிடித்து, நேற்று நீயே குரோடா-சானைக் கூப்பிட்டிருக்கிறாய். நல்ல மாணவி. எனக்கு இதெல்லாம் வர மூன்று வருஷம் பிடித்தது.

அவர் என்ன சொன்னார் என்று நீ சொன்னதும் எனக்கு ஆச்சரியமாக இல்லை. அந்தக் கோப்பை இன்னும் வைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். இந்த வசந்தத்துக்கு வரச் சொல்லுவார் என்றும் தெரியும். மறுபடி மறுபடி கேட்கிறவர்களின் குரல் அது.

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். இட்சுமி போனாள். நான்தான் போகவில்லை என்றேன். சாஹிலைக் கூப்பிட்டார்கள். நான்தான் கூப்பிடவில்லை என்றேன். அவன் வருகிறேன் என்றுதான் இருந்தான். நான்தான் வரமாட்டான் என்றேன். கையில் ஒரு குறையும் இல்லை. போதுமா. உனக்குச் சொன்னதை அவனுக்கும் சொல்லுவேன். மாடியில் ஏறியதும் முதல் வேலை அதுதான். லாசரஸ் கொஞ்ச நாள் பேசமாட்டான். அங்கிளுக்கு விருந்து போட்டது ஞாபகம் வரும். சாஹில் கோபப்பட மாட்டான், பார். அவன் அப்படிப்பட்டவன் இல்லை. ஒரு ஆட்டம் தலையை ஆட்டுவான்.

எழுந்திரு, மேசையைத் துடைக்க வந்துவிட்டார்கள். காசு நான் கொடுக்கிறேன்.

ஒன்று மட்டும். ஃபோன் வரும்போது நீ மொழிபெயர்க்க வேண்டாம். குரோடா-சான் பேசுவது ஒசாகா வழக்கு. நேற்று உனக்காக மெதுவாகப் பேசியிருப்பார், சந்தோஷத்தில் பேசினால் உனக்குப் பிடிபடாது. பாவம், சாஹில் இரண்டு வருஷம் காத்திருந்துவிட்டான். இந்த முறை ஒரு வார்த்தைகூடத் தவறிவிடக் கூடாது. ரிசீவரை என்னிடம் கொடு. அவர் சொல்வதை அப்படியே நான் அவனுக்குச் சொல்கிறேன்.